இளமை காப்பகத்தில் ஒரு பணியிடம்

என் புருஷனோட நான் மொத்தமா வாழ்ந்தது ரெண்டு வருஷமும் எழுபது நிமிஷமும். ரெண்டு வருஷம் கல்யாணம் ஆன புதுசுல. எழுபது நிமிஷம் அதுக்கப்புறம் வந்த இருபத்தாறு வருஷத்துல. கணக்குல தப்பு இல்ல. சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்து நானே எழுதி வச்சது.

என் பேரு சங்கரேஸ்வரி. வயசு அம்பது. வீட்டுக்காரர் பேரு அழகுராஜா, வயசு இருபத்தொம்பது. சிரிக்காதீங்க. கல்யாணத்தப்ப அவரு என்னைவிட அஞ்சு வயசு மூத்தவருதான். நடுவுல அரசாங்கம் பூந்து மாத்திவிட்டிருச்சு.

அது எப்படின்னு கேளுங்க. அப்பல்லாம் படிச்சு முடிச்சதும் வேலைவாய்ப்பு அலுவலகத்துல பேரைப் பதியணும். மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். யாரு முதல்ல பதிஞ்சாங்களோ அவங்களுக்கு முதல்ல வேலை. அதுக்குப் பேரு பதிவு மூப்பு. பதிஞ்சவங்க லட்சக்கணக்குல, காலியான இடம் நூத்துக்கணக்குல. நம்ம முறை வர்றதுக்குள்ள வயசு வரம்பு தாண்டிரும். எங்க தெருவுல ஒரு பெரியவருக்கு அம்பத்தேழு வயசுல நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்துச்சு. கண்ணு தெரியலைன்னு அதைப் பேரன்கிட்ட குடுத்து வாசிக்கச் சொன்னாரு. பேரனும் அப்பப் பதிவு பண்ணிட்டுச் சும்மாதான் இருந்தான்.

ஜனங்க கொதிச்சுப் போச்சு. ஆள் எடுக்குற முறையைச் சீர்திருத்துங்கன்னு ஊர் ஊருக்கு ஊர்வலம். அரசாங்கம் குழு போட்டுச்சு, குழு ரெண்டு வருஷம் டீ குடிச்சுச்சு. வேலையைக் கூட்டலாம், இல்ல வரிசையை வேகமா நகர்த்தலாம். ரெண்டுமே அவங்களுக்கு ஆகாத காரியம். அதனால வரிசையில நிக்கிறவனுக்கு வயசாகாம பண்ணிட்டா என்னன்னு யோசிச்சாங்க. எந்த மகராசன் மண்டையில உதிச்சுச்சோ தெரியல, 'விண்ணப்பதாரர் இளமை காப்புத் திட்டம்'னு பேரு வச்சு மாவட்டத்துக்கு ஒரு காப்பகம் திறந்தாங்க. எங்க ஊருல மூடிக் கிடந்த பஞ்சாலைக் குடோன்தான் காப்பகம் ஆச்சு.

பள்ளிக்கூட மைதானத்துல பந்தல் போட்டு விளக்கக் கூட்டம் நடந்துச்சு. ஒரு அதிகாரியும் ஒரு டாக்டரம்மாவும் வந்திருந்தாங்க. டாக்டரம்மா விளங்குற மாதிரிதான் சொன்னாங்க.

"உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமா குளிர வைப்போம். ரத்தத்துல ஒரு மருந்து கலப்போம். இதயம் ஒரு நாளைக்கு முப்பது நாப்பது தடவைதான் துடிக்கும். மூணு வருஷம் தூங்கினா ஒரு நாள்தான் வயசு ஏறும். உங்க முறை வந்ததும் எழுப்பி விட்டுருவோம்."

"மேடம், கனவு வருமா?"னு ஒருத்தன் கேட்டான்.

"வராது."

"நேர்முகத் தேர்வு?"

"அதுவும் கிடையாது, நேரா நியமன ஆணைதான்"னு அதிகாரி சொன்னாரு. கைதட்டுல பந்தலே பிச்சுக்கிட்டுப் போற மாதிரி ஆயிருச்சு.

நான் கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு எந்திரிச்சேன். "சார், இவங்க தூங்குற வரைக்கும் பொண்டாட்டி பிள்ளைக்கு யாரு சோறு போடுறது?"

"நல்ல கேள்வி. எழுத்து மூலமா குடுங்க."

குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் பதில் வரல.

வீட்டுக்கு வந்ததும் அழகுராஜா படிவத்தை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாரு. பி.எஸ்சி. இயற்பியல் படிச்சவரு. என் சித்தப்பா மகன் டயர் கடை வச்சிருந்தான், வாங்க மச்சான்னு பத்துத் தடவை கூப்பிட்டான். போக மாட்டேன்னுட்டாரு.

"தனியார்ல போய்க் கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா சங்கரி? இன்னும் பதினாறு வருஷம் இருபது வருஷம் ஆகட்டுமே. எந்திரிக்கும்போது கையில ஆணை இருக்கும். அதுக்கப்புறம் முப்பது வருஷம் உத்தியோகம், பென்ஷன். நம்ம ராஜா ராணிதான்."

"நீங்க எந்திரிக்கும்போது எனக்கு என்ன வயசு இருக்கும்?"

"நீ அப்படியேதான் இருப்ப, போ"ன்னு கன்னத்தைக் கிள்ளினாரு. ஆம்பளைங்க பொய் சொல்லும்போது ஏன்தான் கன்னத்தைக் கிள்ளுறாங்களோ.

அவரு மட்டுமா போனாரு? ஊரே போய்ப் படுத்துச்சு. அந்த வருஷம் சட்டசபையில வேலையில்லாதவங்க எண்ணிக்கை பாதியா குறைஞ்சு போச்சுன்னு பெருமையா அறிவிச்சாங்க. பெட்டிக்குள்ள படுத்திருக்கிறவன் வேலையில்லாதவன் இல்லையாம், 'காத்திருப்போர்'ங்கிற வேற தலைப்புல வர்றவனாம். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? அவங்களும் பொங்கி எழுந்தாங்க. எதுக்கு? தாலுகாவுக்கு ஒரு காப்பகம் வேணுமாம்!

அதைவிடக் கூத்து, காப்பகத்துல படுத்திருந்த பையன்களுக்குப் பொண்ணு குடுக்கப் போட்டி போட்டாங்க. தரகர் ஜாதகத்தோட பதிவு எண்ணையும் சேர்த்துக் காட்டுவாரு. "பையன் பன்னண்டாயிரத்துச் சொச்சத்துல இருக்கான்மா, எந்திரிச்சா இளநிலை உதவியாளர்"னு சொன்னா போதும், பொண்ணு வீட்டுல பூ வச்சிருவாங்க. பையன் போட்டோவுக்கு மாலை போட்டுத் தாம்பூலம் மாத்துவாங்க. பக்கத்துல அந்தப் பொண்ணு கல்லு மாதிரி நிக்கும். செத்தவனுக்கு மாலை போடுற மாதிரி இருக்குன்னு ஒரு கிழவி வாய்விட்டுச் சொல்லி, அவளை அடிக்காத குறையா வெளியே அனுப்பினாங்க.

சரி, என் கதைக்கு வர்றேன். பதினோரு மாசம் அண்ணன் வீட்டுல இருந்தேன். பிள்ளைக்குப் பால் ஊத்தும்போதெல்லாம் அண்ணி டம்ளரைப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்கல. அப்பத்தான் காப்பகத்துக்குப் பணியாள் ஒருத்தர் வேணும்னு ஒப்பந்தக்காரன் ஒருத்தன் சுவத்துல ஒட்டியிருந்தான். போனேன். அன்னைக்கே சாம்பல் கலர் கோட்டு ஒண்ணைக் குடுத்து உள்ள அனுப்பிட்டான். தொகுப்பூதியம், தற்காலிகம்.

கவனிச்சீங்களா? அரசு வேலை வேணும்னு அவரு உள்ள படுத்திருக்காரு. வேலையே வேணாம், சோறு கிடைச்சா போதும்னு போன நான் அரசாங்கத்துக்கு வேலை பார்க்கிறேன்.

வேலை ஒண்ணும் லேசுப்பட்டது இல்ல. நானூத்திப் பன்னண்டு பெட்டி. காலையில குளிர் அளவைக் குறிக்கணும், குழாயில அடைப்பு பார்க்கணும், வாரத்துக்கு ஒருக்கா ஒவ்வொருத்தரையும் பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும், இல்லேன்னா புண்ணு வந்துரும். வருஷத்துக்கு ஒருக்கா மருந்து மாத்தி ஏத்தணும். என் வீட்டுக்காரர் மூணாவது வரிசையில பதினேழாவது பெட்டி. கட்டின புருஷனை மத்த நானூத்திப் பதினோரு ஆம்பளைங்களோட சேர்த்து முறை வச்சுப் புரட்டிப் போட்டேன். முதல் மாசம் அழுதேன். அப்புறம் அழ நேரம் இல்ல.

எனக்கு மேல கண்காணிப்பாளர் ஞானதுரை சார். தேர்வு எழுதி நேரா வந்தவரு. நான் சேர்ந்தப்ப அவருக்கு முப்பத்திரெண்டு வயசு. மனுஷன் நல்லவரா கெட்டவரான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல, ஏன்னா அவரு எதுவுமே பண்ணினதில்ல. பேப்பர் படிப்பாரு.

மூணு வருஷத்துக்கு ஒருக்கா பதிவைப் புதுப்பிக்கணும்னு சொன்னேன்ல, அந்தச் சட்டத்தை மட்டும் அவங்க மாத்தல. தூங்குறவனும் புதுப்பிக்கணும். குளிர்ல விறைச்ச விரல்ல கைரேகை விழாது, அதனால எழுப்பிக் கையெழுத்து வாங்கணும். பத்து நிமிஷம்தான். அதுக்கு மேல முழிச்சிருந்தா உடல் வயசுக் கணக்குல ஏறிரும். குடும்பத்துக்காரங்க அன்னைக்கு வந்து பார்க்கலாம். எழுப்பி விடுறதும் நான், வந்து பார்க்கிறதும் நான்.

முதல் தடவை எழுப்பினேன். கண்ணைத் திறந்தாரு. நான் அவரு கையைப் பிடிச்சேன்.

"நம்பர் எவ்வளவு தூரம் வந்திருக்கு?"

அதான் முதல் வார்த்தை.

"ரெண்டாயிரம் நகர்ந்திருக்குங்க."

"ரெண்டாயிரம்தானா? எங்க போடணும் கையெழுத்து?" போட்டாரு. அப்புறம் பிள்ளையைப் பார்த்தாரு. நாலு வயசு வினோதினி என் முந்தானைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. "எந்த கிளாஸ் படிக்கிற பாப்பா?"ன்னாரு. அதுக்குள்ள பத்து நிமிஷம் ஆயிருச்சு.

ரெண்டாவது தடவை என் கோட்டைப் பார்த்து, "இந்தக் கலர் உனக்கு எடுப்பா இல்ல சங்கரி"ன்னாரு. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அடுத்து, ஏன் இதைப் போட்டிருக்கன்னு கேப்பாரு, நான் இங்கதான் வேலை பார்க்கிறேன், தினமும் உங்களை நான்தான் பார்த்துக்கிறேன்னு சொல்லலாம்னு காத்திருந்தேன். கேக்கல. நம்பர் எங்க நிக்குதுன்னு கேட்டாரு. நானும் சொல்லல. கேட்டாத்தான் சொல்றதுன்னு அன்னைக்கு ஒரு வீம்பு வந்துருச்சு எனக்கு. விவரங்கெட்ட வீம்புதான். ஆனா என்கிட்ட எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

மூணாவது தடவை, நாலாவது தடவை, அஞ்சாவது தடவை. ஒவ்வொரு தடவையும் "போதும், எந்திரிச்சு வாங்க, வீட்டுக்குப் போவோம்"னு சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் "இம்புட்டு வருஷம் போட்டாச்சு, இப்பப் போய் விட்டா எல்லாம் வீண்"ம்பாரு. போட்டது யாரு வருஷம்னு நானும் கேக்கல. அஞ்சாவது தடவை வினோதினிக்குப் பதினாறு வயசு. "எந்த கிளாஸ்?"ன்னாரு. அவ என் காதுல, "அம்மா, இந்த ஆளுக்கு வேற கேள்வியே தெரியாதா?"ன்னா. அதுக்கப்புறம் அவ வரல.

ஆறாவது புதுப்பித்தல் வந்தப்ப நான் ஒரு காரியம் பண்ணினேன். ஒரே ஒரு தப்பு, தெரிஞ்சே பண்ணினது. அன்னைக்கு எழுப்ப வேண்டியவங்க அட்டை எல்லாம் ஒரு தட்டுல இருக்கும். அதுல அவரு அட்டையை மட்டும் உருவி என் பையில போட்டுக்கிட்டேன். தேதி தாண்டிருச்சுன்னா பதிவு ரத்து. ரத்தானா எழுப்பி வீட்டுக்கு அனுப்பிருவாங்க. தப்பா? தப்புதான். பதினெட்டு வருஷமா பொறுத்தவளுக்கு அது பெரிய தப்பாத் தெரியல. வீட்டுக்கு வெள்ளையடிச்சேன். அவருக்கு ரெண்டு சட்டை எடுத்தேன். நாப்பத்திரெண்டு வயசுல தலைக்குச் சாயம் போட்டுக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு எனக்கே வெக்கமா போச்சு.

ரத்து உத்தரவு வரணும். வந்தது வேற. "பல்வேறு காரணங்களால் பதிவைப் புதுப்பிக்கத் தவறிய காத்திருப்போரின் நலனைக் கனிவுடன் கருதி, அவர்களது பதிவு தானாகவே மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்படுகிறது." தேர்தல் வருது பாருங்க, அதான் கனிவு. என் வாழ்க்கையிலேயே அரசாங்கம் எனக்குப் பண்ணின ஒரே சலுகை அதுதான், அதுவும் தப்பான ஆளுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. கூடவே ஒரு குறிப்பாணையும் வந்துச்சு, அட்டை காணாமப் போனதுக்கு விளக்கம் கேட்டு. எலி தின்னுருச்சுன்னு எழுதிக் குடுத்தேன். "எலித் தொல்லை குறித்து நடவடிக்கை எடுக்கப்படும்"னு ஞானதுரை சார் அதுல குறிப்பு எழுதிக் கோப்பை மூடிட்டாரு.

ஆக, அடுத்து அவரு முழிச்சப்ப ஆறு வருஷம் போயிருந்துச்சு. என் மூஞ்சியைப் பார்த்து ஒரு நொடி தடுமாறினாரு. அம்மான்னு நினைச்சிட்டாரோ என்னமோ. சாயம் போடுறதை நான் நிறுத்தியிருந்தேன்.

அதுக்கப்புறம் ஒருக்கா எழுப்பினேன். ஏழு தடவை ஆச்சு, எழுபது நிமிஷம் ஆச்சு.

இதுக்கு நடுவுல நான் ஒம்பது மனு போட்டேன், என்னை நிரந்தரமாக்கச் சொல்லி. இருபத்தஞ்சு வருஷம் அதே வேலையைப் பார்க்கிறவளை இன்னும் எதுக்குத் தற்காலிகம்னு சொல்றீங்கன்னு. 'பரிசீலனையில் உள்ளது.' ஒம்பது மனுவுக்கும் அதே ஒரு வரி. அதைத் தட்டச்சு பண்ணினவன்கூட ஓய்வு பெற்றுப் போயிட்டான்.

போன மாசம் ஒரு காலையில ஞானதுரை சார் கூப்பிட்டு விட்டாரு.

"சங்கரேஸ்வரி, உக்காரும்மா."

இத்தனை வருஷத்துல அவரு என்னை உக்காரச் சொன்னது அதான் முதல் தடவை.

"உன் வீட்டுக்காரருக்கு நியமன ஆணை வந்திருக்கு."

எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. திட்டுறதெல்லாம் திட்டுவேன், ஆனா அந்த வார்த்தையைக் கேட்டதும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. "எந்த ஆபீஸு சார்?"

அவரு மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "இங்கதாம்மா."

"இங்கன்னா?"

"எல்லாக் காப்பகத்துலயும் நீ பார்க்கிற உதவியாளர் பணியிடத்தை நிரந்தரமாக்கியிருக்காங்க. பதிவு மூப்புப்படி நிரப்பச் சொல்லி உத்தரவு. நம்ம காப்பகத்துக்கு ஒரே ஒரு இடம். அதுக்கு வந்திருக்கிற பேரு அழகுராஜா."

"அப்ப நான்?"

"நீ தற்காலிகம். நிரந்தர ஆளு வந்து சேர்ந்தா தற்காலிகத்தை விடுவிக்கணும். விதி அப்படி."

"என் மனு?"

அவரு கதவு பக்கம் பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தினாரு. "அதுக்கும் அதே உத்தரவுல வழி இருக்கு. ஆணை வந்தவரு பதினஞ்சு நாள்ல சேரலேன்னா, இல்ல விருப்பமில்லன்னு எழுதிக் குடுத்தா, அந்த இடம் இப்ப வேலை பார்க்கிற ஆளுக்கே போகும். வயசு வரம்பும் தளர்த்தியிருக்காங்க. பத்து வருஷம் நிரந்தரமா பார்த்துட்டுப் பென்ஷனோட போலாம். அவரை எழுப்புறது உன் வேலைதான். எழுப்பாம பதினஞ்சு நாள் போச்சுன்னா, நான் எதையும் பார்க்கலம்மா."

எதையும் பார்க்காம இருக்கிறதுல அவருக்கு நல்ல பழக்கம்.

வெளியே வந்து வினோதினிக்குப் போன் போட்டேன். அவளுக்கு இருபத்தேழு வயசு. கல்யாணம் ஆகி, வேற ஊருல, தனியார்லதான் வேலை பார்க்கிறா. விஷயத்தைச் சொன்னதும் போன்லயே கத்தினா.

"எழுப்பாதம்மா! படுத்தே கிடக்கட்டும். அடுத்த ஆணை வர்றப்ப போகட்டும். இது உன் வேலை."

"உங்கப்பாடி."

"ஏழு தடவை எந்திரிச்சாரு. ஒரு தடவை கேட்டாரா உன்னை, நீ என்ன பண்றே, எதைச் சாப்பிடுறேன்னு?"

"பத்து நிமிஷத்துல மனுஷன் எதைத்தான் கேப்பாரு?"

"அதைக் கேக்க எவ்வளவு நேரம்மா ஆகும்?"

போனை வச்சுட்டேன். பதிமூணு நாள் யோசிச்சேன். பதினேழாவது பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம் அவரு மூஞ்சியைப் பார்ப்பேன். சுருக்கம் இல்லாத மூஞ்சி. இந்த மனுஷனுக்கு விஷயம் தெரிஞ்சா விட்டுக் குடுத்துருவாருன்னு மனசுல ஒரு பக்கம் சொல்லுச்சு. ரெண்டு வருஷம் என்னோட நல்லாத்தான் இருந்தாரு. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி வச்சுக் குடுத்திருக்காரு. எழுப்பாம விட்டா எனக்கு வேலை கிடைக்கும். ஆனா அவரு என்ன பண்ணியிருப்பாருன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாமயே போயிரும். வேலையைவிட அது எனக்குப் பெருசாத் தெரிஞ்சுச்சு. அவரு வாயால ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "உனக்கு?"ன்னு கேட்டாப் போதும்னு இருந்துச்சு. அம்பது வயசுல என்ன ஆசை பாருங்க.

பதினாலாவது நாள் காலையில எழுப்பினேன். உடம்பு சூடாக முக்கால் மணி நேரம் ஆச்சு. கண்ணைத் திறந்தாரு.

"நம்பர்?"

"நம்பர் இல்லீங்க. ஆணையே வந்துருச்சு."

காகிதத்தை வாங்கினாரு. வாய்விட்டு அழுதாரு, சின்னப்பிள்ளை மாதிரி. என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. அவரு உடம்பு இன்னும் ஜில்லுன்னு இருந்துச்சு. நானும் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன்.

"பார்த்தியா சங்கரி, நான் சொன்னேன்ல! யாருமே நம்பல. டயர் கடைக்குப் போகச் சொன்னீங்களே எல்லாரும்." திரும்பப் படிச்சாரு. "இதே காப்பகத்துலயா? நல்லதாப் போச்சு, வீட்டுக்குப் பக்கம். இப்ப அந்த வேலையை யாரு பார்க்கிறா?"

"ஒரு பொம்பள. தற்காலிகம்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தஞ்சு வருஷமா."

"அம்புட்டு வருஷமாவா? விவரம் இல்லாதவ போல. ஒழுங்கா பதிஞ்சு வச்சுட்டுப் படுத்திருந்தா இந்நேரம் எங்கேயோ போயிருக்கலாம்." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டே சொன்னாரு. "இனி அவளை என்ன பண்ணுவாங்க?"

"அனுப்பிருவாங்க."

"அதுவும் சரிதான். தற்காலிகம்னா போய்த்தானே ஆகணும்."

அந்த இடத்துலயே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லல. ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். போற வழியில ஒவ்வொரு வரிசையாப் பார்த்துக்கிட்டே வந்தவரு, இந்தக் குழாய் எதுக்கு, அந்த விளக்கு எதுக்குன்னு கேட்டாரு. நான் சொல்லிக்கிட்டே வந்தேன். எல்லாத்துக்கும் தலையை ஆட்டினாரு. இது உனக்கு எப்படித் தெரியும்னு கேக்கத் தோணல.

ஞானதுரை சார் எந்திரிச்சு நின்னு கை குடுத்தாரு. நிரந்தரப் பணியாளர்ல, மரியாதை இருக்குமே. மேசையில மூணு பக்கப் பணியேற்பு அறிக்கை, பொறுப்பு ஏற்புப் பட்டியல், எல்லாம் எடுத்து வச்சாரு. என் வீட்டுக்காரர் உக்காந்து விரலை வச்சு ஒவ்வொரு வரியா வாசிச்சாரு. அவரு எப்பவுமே அப்படித்தான், அரசாங்கக் காகிதம்னா ஒரு எழுத்தை விட மாட்டாரு.

"பொறுப்பை ஒப்படைத்து, இன்று பிற்பகல் முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படும் தற்காலிகப் பணியாளர்: திருமதி சங்கரேஸ்வரி, கணவர் பெயர் அழகுராஜா."

விரல் அங்கேயே நின்னுச்சு. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாரு. என் மூஞ்சியை, நரைச்ச தலையை, அந்தக் கோட்டை. எல்லாத்தையும் மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தாரு. இருபத்தாறு வருஷத்துல என்னை அப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல.

"சங்கரி, நீயா?"

"நான்தாங்க."

"அந்த இருபத்தஞ்சு வருஷமும்..."

"பிள்ளைக்கு ரெண்டு வயசுலேர்ந்து. உங்களைப் பார்த்துக்கிட்டதும் நான்தான்."

அவருக்குக் கண்ணு கலங்குச்சு. அதை நான் மறைக்க மாட்டேன், நல்லாவே கலங்குச்சு.

அப்பத்தான், தன் வாழ்நாள்லயே முதல் தடவையா, ஞானதுரை சார் ஒரு காரியம் பண்ணினாரு. வெத்துத் தாள் ஒண்ணை எடுத்து அவரு முன்னாடி வச்சாரு. "தம்பி, ஒண்ணு சொல்லணும். நீங்க சேர விருப்பமில்லன்னு இதுல ரெண்டு வரி எழுதிக் குடுத்தா, இந்த இடம் இந்த அம்மாவுக்கே நிரந்தரமாப் போகும். உங்களுக்கு வயசு இருக்கு, வெளியே எதுவும் பார்த்துக்கலாம். அவங்களுக்கு இதை விட்டா வேற வழி இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிச்சாரு. ரெண்டு தாளையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. நான் அவரு மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நின்னேன். சொல்லுங்க, எழுதுங்க, எழுதலேன்னாலும் பரவாயில்ல, "உனக்கு?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்கன்னு மனசுக்குள்ள கெஞ்சினேன்.

கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. பேனாவை எடுத்தாரு. ஞானதுரை சார் பக்கம் திரும்பினாரு.

"சார், இதுல நீல மையா, கறுப்பு மையா?"

நான்தான் சொன்னேன்.

"நீலம். மூணு பக்கத்துலயும் போடணும்."

போட்டாரு.